வீட்டுத் தொட்டியில நெய்தல்: இலை வருது, பூ வரேல்லை

உரும்பிராயிலிருந்து ஒரு தம்பி, 2024 மே 11

நேர்சரியில "எங்கட நாட்டு நீலப்பூ" எண்டு சொல்லித் தந்த செடி. பிளாஸ்ரிக் பேசினுக்குள்ள வைச்சு எட்டு மாசம். இலை தாராளம். பூ இரண்டே இரண்டு, கடும் ஊதா. இப்ப இலையின்ர நடுவில குட்டிச்செடி முளைக்குது. இது நல்லதோ, ஏதும் வருத்தமோ? கோடை எண்டதால தண்ணி குறைய விடாமல் ஊத்திக்கொண்டே இருக்கிறன். அது சரிதானே?

2024 மே 11, இரவு

தம்பி, அது எங்கட குளத்துச் செடி இல்லை. இலையின்ர தொப்புளில, அதுதான் காம்பு வந்து சேருற இடத்தில, குட்டி போடுற குணம் மேற்கு ஆபிரிக்காவின் நிம்பேயா மைக்ராந்தா இனத்திலயிருந்து கடைக் கலப்புகளுக்கு வந்தது. எங்கட நெய்தல், நிம்பேயா நூசாலி, விதையாலயும் கிழங்காலயும்தான் பெருகும். வருத்தம் ஒண்டும் இல்லை, செடி சுகமாத்தான் இருக்கு. பேர்தான் பிழை.

தண்ணி ஊத்துற கதை பெரிசு. ஆறுதலா எழுதிறன்.

2024 மே 13

எனக்கு இது விளங்க மூண்டு வருசம் எடுத்தது. 2019இல 900 ரூபாய் குடுத்து ஒண்டு வாங்கினன். பூ ஊதா. பிள்ளையளின்ர கொப்பி மட்டையில இருந்த தேசிய மலர்ப் படமும் ஊதா. அதனால சந்தேகமே வரேல்லை. 1986இல தேசிய மலராக அறிவிச்சது நீல மானெலை, எங்கட நெய்தலை. ஆனால் கனக்கப் படங்களில இருக்கிறது அந்தக் கடும் ஊதாக் கலப்பினம். பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் இரண்டையும் பிரிச்சுக் காட்டியிருக்கினம். படத்தை நம்பி வாங்கினால் படத்தில உள்ளதுதான் வரும்.

உண்மையான நெய்தல் எனக்குக் கடையில கிடைக்கேல்லை. 2021 ஆடியில தென்னைக்குப் போட ஒரு லோட் குளத்து மண் எடுத்தனாங்கள். தூர்வாரின மண். கார்த்திகை மழைக்குத் தென்னையடிப் பாத்தியில மூண்டு கிழமை தண்ணி நிண்டது. ஒருநாள் காலமை பார்த்தால் அதுக்குள்ள ஐஞ்சு ரூபாய்க் குத்தியளவில ஒரு இலை மிதக்குது, ஒரு பக்கம் பிளவோட. அம்மாதான் குனிஞ்சு பார்த்திட்டு, "உது நெய்தல் எல்லோ, பிடுங்கிப்போடாதை" எண்டவ. அந்த ஒரு இலையிலயிருந்துதான் இண்டைக்கு என்னட்டை இருக்கிற நாலு தொட்டியும்.

பூ வந்தபோது வித்தியாசம் விளங்கினது. வெள்ளைத் துணியை நீலத்தில தோய்ச்சு வெயிலில வெளிற விட்டது மாதிரி ஒரு நிறம். அடியில வெள்ளை, நுனிக்குப் போகப்போக நீலம். நடுவில மஞ்சள் கேசரங்கள், ஒவ்வொண்டின்ர நுனியிலயும் ஊசிமுனையளவு நீலம் தொட்டு வைச்சிருக்கு. ஊதாப் பூவுக்குப் பக்கத்தில வைச்சால் இது ஏழைப்பட்டது மாதிரித் தெரியும் எண்டு ஒராள் சொன்னவர். எனக்கு அதைவிட வடிவான பூ இல்லை.

2024 மே 14

தாமரை, ஆம்பல், நெய்தல் மூண்டையும் எப்பிடிப் பிரிச்சு அறியிறது எண்டு கேட்டவைக்குச் சுருக்கமா. தாமரை இலையில பிளவு இல்லை, தண்ணிக்கு மேல எழும்பி நிக்கும். ஆம்பல் இலையின்ர விளிம்பு வாள்பல்லு மாதிரி, அடிப்பக்கம் தடவினால் மயிர் தட்டுப்படும், பூ இரவில விரிஞ்சு காலமை வெயில் ஏற மூடும். நெய்தல் காலமை விரிஞ்சு பின்னேரம் மூடும், மூண்டு நாலு நாளைக்கு அப்பிடி.

குவளையும் நெய்தலும் ஒண்டோ வேறயோ எண்டு தமிழ் வாத்தியார் ஒருத்தர் கேட்டிருக்கிறார். ஐயா, அதுக்குத் தனி வழக்குப் போடவேணும். இந்தச் செடியை எங்கட வீட்டில அம்மம்மா காலத்திலயிருந்து நெய்தல் எண்டுதான் சொல்லுறது. நானும் அதையே சொல்லிக்கொண்டு போறன்.

2024 மே 19

தண்ணி. இதில யாழ்ப்பாணத்தாருக்கு உள்ள கரைச்சல் மற்ற ஊராருக்கு இல்லை.

எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரிக்கு மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலில விழும். மிச்சமெல்லாம் கிணறு, அதுவும் சுண்ணக்கல்லுக்குள்ளால ஊறிவாற தண்ணி. கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியுதே, அதுதான் தொட்டி விளிம்பிலயும் படியும். இலையில தெறிச்ச துளி காய்ஞ்சால் பாற்பொட்டு மாதிரி நிக்கும். நான் முதல் வருசம் அதைப் பூஞ்சணம் எண்டு நினைச்சு இலையெல்லாத்தையும் வெட்டிப்போட்டன். பாவம், ஒண்டும் இல்லாத இலையள்.

கல்லுத்தண்ணியை நெய்தல் ஒருமாதிரிச் சமாளிக்கும். எங்கட குளங்களும் அதே கல்லுக்கு மேலதானே கிடக்குது. சமாளிக்காதது இரண்டு. ஒண்டு சவர், அதுதான் உப்புத்தண்ணி. நாவாந்துறைப் பக்கத்திலயிருந்து ஒரு அக்கா, "நெய்தல் எண்டால் கடற்கரை நிலம்தானே, எங்கட சவர்க் கிணத்துத் தண்ணியில வளரும்தானே" எண்டு கேட்டவ. வளராது அக்கா. திணைக்குப் பேர் குடுத்த பூ எண்டாலும் அது நன்னீரில நிக்கிற செடி. கூரைத் தண்ணியைப் பீப்பாவில பிடிச்சு விடுங்கோ.

மற்றது பசளை கலந்த தண்ணி. வெங்காயத் தோட்டத்துக்குப் பக்கத்துக் கிணறு எண்டால் நைத்திரேற்று கூட. அந்தத் தண்ணியை வெயிலில நிக்கிற தொட்டிக்குள்ள விட்டால் பத்து நாளில பச்சைத் தண்ணி, பிறகு நூல்பாசி. ஒவ்வொரு நாளும் ஊத்த ஊத்த நைத்திரேற்றும் உப்பும் சேர்ந்துகொண்டே போகும், ஏனெண்டால் ஆவியாகிறது வெறும் தண்ணி மட்டும். தம்பி, உங்கட பேசினில நடக்கிறது அதுதான்.

2024 மே 20

நேற்று எழுத மறந்தது. புதுச் சீமெந்துத் தொட்டியில உடன வைக்கவேண்டாம், சுண்ணாம்புக் காரம் இறங்கும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டுத் தண்ணி நிரப்பி ஒரு கிழமை விட்டு, அந்தத் தண்ணியை வெளியில ஊத்துங்கோ. இரண்டு மூண்டு தரம் அப்பிடிச் செய்து, பிறகு வையுங்கோ.

2024 யூன் 2

மண்ணைப் பற்றி ஆறு பேர் கேட்டாச்சு.

எங்கட வளவுச் செம்மண்ணோட மூண்டில ஒரு பங்கு குளத்து மண். மேல ஒரு விரல் தடிப்புக்கு ஆத்து மணல், மீன் கிளறாமல் இருக்க. அவ்வளவும்தான். மாட்டெரு போடாதேங்கோ. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன் எண்டால், 2022இல நல்லா வரட்டும் எண்டு அரைக் கடகம் எரு கலந்தன். நாலாம் நாள் சட்டிக்குள்ளயிருந்து குமிழ் குமிழா எழும்பினது. இரண்டாம் கிழமை கிணத்தடிப் பக்கம் போகேலாத நாத்தம். செடியைத் தூக்கினால் குருத்துக் கையோட வருது, அடி கறுத்துக் கூழாப் போச்சு. தண்ணிக்குக் கீழ காத்துப் போகாத மண்ணில எரு உக்காது, அழுகும். தென்னைக்கு நல்லதெல்லாம் இதுக்கு நல்லதெண்டு நினைச்ச பிழை.

குளத்து மண் எங்க எடுக்கிறது எண்டு கேட்கிறவைக்கு: தூர்வாரி வித்த மண்ணை வாங்குங்கோ, அல்லது ரோட்டு வேலைக்குக் கிண்டிக் கரையில போட்ட மண்ணில ஒரு வாளி கேட்டு எடுங்கோ. குளத்துக்குள்ள இறங்கிக் கிழங்கு கிண்ட வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறன். மண்ணில விதை கிடக்கும், ஒரு மாரிக்குப் பொறுத்தால் தானா வரும்.

2024 யூன் 23

கோடைக்கு வாறன்.

டொரன்டோவிலயிருந்து ஒரு அக்கா ஒளவையார் பாட்டை எழுதியிருக்கிறா. குளம் வத்தப் பறவை போயிடும், கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் அங்கேயே கிடக்கும், உறவு அப்பிடி இருக்கவேணும் எண்ட பாட்டு. நாங்கள் எல்லாரும் பாடமாக்கினது. ஆனால் வத்தின குளத்தில அது எப்பிடிக் கிடக்குது எண்டு ஒருதரும் எனக்குச் சொல்லித் தரேல்லை. இலை முழுக்கக் காய்ஞ்சு போகும். மண்ணுக்குள்ள கொட்டைப்பாக்களவில கிழங்கு ஒண்டு நித்திரை கொள்ளும். மழை வந்து குளம் நிரம்ப எழும்பும்.

அப்ப, வருசம் முழுக்கத் தொட்டியை நிரப்பி வைச்சால் என்ன நடக்கும்? என்ர அனுபவம் சொல்லிறன். 2022, 2023 இரண்டு வருசமும் விடாமல் தண்ணி விட்ட தொட்டியில இலை சின்னனாகிக்கொண்டு வந்தது, பூ அஞ்சோ ஆறோ. அம்மாவின்ர கண் சத்திரசிகிச்சைக்காக நாங்கள் கொழும்பில நிண்ட இரண்டு மாசம் பாராமல் கிடந்து வத்தின தொட்டியில, அடுத்த மாரிக்கு இருபத்திமூண்டு பூ. எண்ணி எழுதி வைச்சிருக்கிறன். அதுக்குப் பிறகு நாலில மூண்டு தொட்டியை வேணுமெண்டே வத்த விடுறன். வருசம் முழுக்கத் தண்ணி நிக்கிற குளத்திலயும் நெய்தல் இருக்கும், மறுக்கேல்லை. ஆனால் எங்கட பக்கத்துச் செடி எத்தினை தலைமுறையா வத்துற குளத்தில வாழ்ந்தது. அதுக்குக் கோடை தேவை எண்டு நான் நம்புறன்.

ஆகவே: ஆனி நடுப்பகுதியிலயிருந்து தண்ணி விடுறதை நிப்பாட்டுங்கோ. தானா வத்தட்டும்.

கடைக் கலப்புக்கு இது பொருந்தாது தம்பி. உங்கட பேசினை வத்த விடாதேங்கோ.

2024 யூலை 7

கனடாக் குளிருக்கு எப்பிடி எண்டு கேட்ட அக்காவுக்கு: வெளியில வைச்சால் தப்பாது. கிழங்கை ஈரமணலோட போத்தலுக்குள்ள வைச்சு, வீட்டுக்குள்ள உறையாத இடத்தில வையுங்கோ. மிச்சம் அங்க வளர்க்கிற ஆக்களிட்டைக் கேளுங்கோ. நான் பனியில வளர்த்துப் பார்க்கேல்லை.

2024 யூலை 28

சோளகக் காத்து அடிச்சுக்கொண்டிருக்கு. தண்ணி இருக்கிற தொட்டியில இலையெல்லாம் கறுப்புப் பேன். சாம்பல், மருந்து ஒண்டும் வேண்டாம். இலையை ஒரு இரவுக்கு வலைத்துண்டால தண்ணிக்குக் கீழ அமத்தி வைச்சால் பேன் கழண்டு மேல வரும், மீன் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொண்டு பார்த்தன், அரை மணித்தியாலம் குந்தியிருந்து. இலையின்ர ஓரத்தில கத்தரிக்கோலால வெட்டினது மாதிரி நீள்வட்டத் துண்டு காணாமல் போயிருக்கு. அந்தத் துண்டு தொட்டியின்ர மற்றக் கரையில மிதக்குது, மெல்லமா அசையுது. திருப்பினால் அடியில ஒரு புழு. வெட்டின துண்டை இலையோட ஒட்டி நடுவில தனக்கு வீடு கட்டியிருக்கு. அந்துப்பூச்சியின்ர குஞ்சு. தண்ணியில வாழுற மயிர்க்கொட்டி! கையாலதான் எடுத்தன். ஒண்டை மட்டும் விட்டன், மகள் போத்தலுக்குள்ள வைச்சு என்னவா வருது எண்டு பார்க்கப்போறாளாம்.

2024 ஓகஸ்ட் 18

யூன் 23 எழுதினதைத் திருத்தவேணும். எல்லாரும் இதை முழுசா வாசியுங்கோ.

தெல்லிப்பழையிலயிருந்து ஒரு அக்கா நான் சொன்னபடி தண்ணியை நிப்பாட்டியிருக்கிறா. அவவின்ர நெய்தல் ஒரு கறுப்புப் பிளாஸ்ரிக் சட்டியில, சீமெந்து முத்தத்தில, முழு வெயிலில. ஆறு கிழமையால கிண்டிப் பார்த்தால் கிழங்கு மிளகு மாதிரிச் சுருங்கிக் கையில நொறுங்கினதாம். என்னட்டை வாங்கின செடி. மாமியார் சாகமுதல் வைச்ச தொட்டி எண்டு எழுதியிருக்கிறா. இரண்டு நாளா எனக்கு ஒண்டும் ஓடேல்லை.

பிழை என்னில. "வத்த விடுங்கோ" எண்டு எழுதினன், எவ்வளவுக்கு வத்தலாம் எண்டு எழுதேல்லை. என்ர தொட்டியள் நிலத்துக்குள்ள தாட்டது, வேம்பு நிழல் பின்னேரம் விழும். அந்த மண் மேல காய்ஞ்சாலும் கீழ காயாது. சட்டி அப்பிடி இல்லை.

இண்டைக்குக் காலமை எங்கட ஊர்க் குளத்துக்குப் போய்ப் பார்த்தன். நடுவில மாடு மேயுது. மண் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு, வெடிப்புக்குள்ள கை போகும். ஒரு பாளத்தைப் பிரட்டினன். மேல சுடுது, ஒரு சாண் கீழ கை வைச்சால் குளிர், விரலில ஈரம் ஒட்டுது. அதுக்குள்ள ஒரு கிழங்கு, பழைய காம்புத் தும்புகள் சுத்திக் கிடக்க, நகத்தால தொட்டால் கல்லு மாதிரி இறுக்கம். திருப்பித் தாட்டு மண்ணை மூடிட்டு வந்தன். குளம் வத்தினது எண்டு நாங்கள் சொல்லுறது எங்கட கண்ணுக்கு. கிழங்குக்கு அது வத்தேல்லை.

சட்டியில வளர்க்கிறவை சட்டியைத் தூக்கி நிழலில மண்ணுக்குள்ள விளிம்பு மட்டும் தெரியத் தாளுங்கோ. மேல வைக்கல் பரப்புங்கோ. கிழமைக்கு ஒருக்கா ஒரு செம்புத் தண்ணி. விரலை மொளி மட்டும் விட்டால் ஈரம் தட்டுப்படவேணும்.

அக்கா, ஐப்பசியில என்ர கையால இரண்டு செடி கொண்டுவந்து தருவன்.

2024 செப்டெம்பர் 8

இன்னும் ஒரு திருத்தம், இதுவும் வத்த விடுற விசயம்தான். டெங்குப் பரிசோதனைக்கு வந்தவை போன கிழமை என்ர மூண்டாம் தொட்டியில நுளம்புக் குடம்பி பிடிச்சவை. வத்தி வத்தி மூலையில ஒரு சிரட்டையளவு தண்ணி மிஞ்சியிருக்கு. மீனை நான் ஏற்கெனவே மற்றத் தொட்டிக்கு மாத்திப்போட்டன். அவை எச்சரிச்சது சரி. தண்ணி நிறைய நிண்டு மீன் இருந்தால் பயமில்லை, ஒண்டும் இல்லாட்டியும் பயமில்லை, இடையில உள்ள அந்த இரண்டு கிழமைதான் கவனம். மிஞ்சின தண்ணியைச் சிரட்டையால அள்ளி வாழைக்கு ஊத்துங்கோ.

மீனுக்குக் கப்பி வேண்டாம் எண்டு சொல்லுவன். அது வெளியூர் மீன், வெள்ளத்தில வெளியில போயிடும். எங்கட வாய்க்கால்களில தலையில ஒரு வெள்ளிப்பொட்டோட மேல்தண்ணியில திரியிற சின்ன மீன் இருக்கு, அப்லோகீலஸ் இனம். குடம்பியைத் தேடித் தின்னும்.

2024 ஒக்டோபர் 20

இரண்டு மழை பெய்திட்டுது. முதல் தொட்டியில இலை! மிதக்கிற இலை வரமுதல் தண்ணிக்குக் கீழேயே மெல்லிசான, வெத்திலை மாதிரி நெளிஞ்ச இரண்டு மூண்டு இலை வரும். அதை அழுகல் எண்டு பிடுங்கிப்போடாதேங்கோ. தண்ணியையும் ஒரேயடியா நிரப்பவேண்டாம். இலை எழும்ப எழும்ப மழை நிரப்பட்டும்.

தெல்லிப்பழைக்குப் போய்வந்தன். இரண்டு செடியும் குடுத்தாச்சு. அக்கா பால்தேத்தண்ணி போட்டுத் தந்தவ. சட்டியை முத்தத்திலயிருந்து எடுத்துக் கிணத்தடி மாதுளைக்குக் கீழ தாட்டு வைச்சிருக்கிறா.

2024 நவம்பர் 30

நாலு நாளாக் கரண்ட் இல்லை. 26, 27ஆம் திகதி மழையில கோடியில முழங்கால் தண்ணி. பக்கத்துச் சனம் சில பேர் பள்ளிக்கூடத்தில நிக்கினம். தொட்டியைப் பற்றி எழுதுற நேரம் இல்லை, ஆனால் ஒண்டு எழுதவேணும்.

தாட்ட நாலு தொட்டியும் அப்பிடியே கிடக்கு. ஊதாக் கலப்பு நிண்ட பேசின் மிதந்து வேலியடியில கவிண்டு போச்சு. செடி இல்லை. வெள்ளம் வடிய வாய்க்கால் வழிய தேடிக்கொண்டு போனன், மகளும் நானும். மதகுக்குக் கிட்டப் பற்றைக்குள்ள செடி சிக்கியிருந்தது. ஆனால் இலையில நிண்ட ஏழெட்டுக் குட்டியில மூண்டைத்தான் கண்டனாங்கள்.

அந்த வாய்க்கால் போறது குளத்துக்கு. இலையில குட்டி போடுற செடிக்கு விதை தேவையில்லை, ஒரு இலை உடைஞ்சு போனால் காணும். ஆகாயத்தாமரையும் வடிவான பூ எண்டுதான் இந்த நாட்டுக்குள்ள வந்தது. 1909இலயே அதை ஒழிக்கச் சட்டம் போட்டவை, இண்டைக்கும் எங்கட குளங்களில கிடக்கு. ஊதாக் கலப்பு அவ்வளவு மோசமாப் பரவும் எண்டு நான் சொல்லேல்லை. ஆனால் நெய்தல் நிக்கிற குளத்துக்குள்ள என்ர வீட்டிலயிருந்து அது போகக்கூடாது. மீட்ட செடியைக் காயவைச்சு எரிச்சிட்டன்.

உரும்பிராய்த் தம்பி, உங்களை எரிக்கச் சொல்லேல்லை. பேசினை உயரத்தில வையுங்கோ, மாரிக்கு முதல் குட்டியளைக் கிள்ளுங்கோ.

2024 டிசெம்பர் 22

வாய்க்கால் கரையால மூண்டு தரம் நடந்தாச்சு. இன்னும் இரண்டு குட்டி எடுத்தன். மிச்சத்தைத் தை கழிய, தண்ணி தெளிய, திரும்பப் போய்த் தேடுவன்.

2025 ஜனவரி 19

தெல்லிப்பழை அக்காவின்ர படம் வந்திருக்கு. முதல் பூ. பதினொரு இதழ் எண்டு எண்ணி எழுதியிருக்கிறா. நடுக்கிண்ணத்தில தண்ணி மாதிரி ஒண்டு நிக்குது, அதுக்குள்ள சின்ன வண்டு செத்துக் கிடக்கு, பூவுக்கு வருத்தமோ எண்டு கேட்கிறா. இல்லை அக்கா. முதல் நாள் பூ பெண்பூவா இருக்கும், அந்தக் கிண்ணத்துத் தண்ணியில பூச்சி விழ, அது மேல ஒட்டிக்கொண்டு வந்த மகரந்தம் கழுவுப்படும். அடுத்த நாள் பாருங்கோ, தண்ணி இராது, கேசரம் மகரந்தம் உதிர்க்கும்.

2025 பெப்ரவரி 16

விதை கேட்டவை பதினாலு பேர். பூ முடிஞ்சால் காம்பு சுருண்டு காயைத் தண்ணிக்குக் கீழ இழுத்துக்கொண்டு போகும். நான் அதுக்கு முதல் வெள்ளைத் துணிப்பையைக் காயில கட்டிவிடுறன். இல்லாட்டி ஒருநாள் வெடிச்சு, கடுகைவிடச் சின்ன விதையள் வழுவழுத்த தோலோட கொஞ்சநேரம் மிதந்திட்டு எங்கெண்டு தெரியாமல் தாண்டுபோகும். இப்ப ஆறு பை கட்டியிருக்கு. பங்குனி நடுப்பகுதிக்கு எடுக்கலாம். ஈரமண்ணோட சின்னப் போத்தலில போட்டுத் தருவன். யாழ்ப்பாணத்துக்குள்ள எண்டால் வந்து எடுங்கோ, தபாலில அனுப்பினால் காய்ஞ்சிடும்.

உரும்பிராய்த் தம்பிக்கு ஒரு போத்தல் எடுத்து வைச்சிருக்கிறன்.